கறுப்பு வெள்ளையில் காணாமல் போன பொட்டு

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திருமணமாகி 25 வருடம். "பிலிம்ல எடுத்துத் தர்றேன் அக்கா" என்று நானே வலியப் போய் மாட்டிக்கொண்டேன். கையில் பழைய யாஷிகா மேட் 124ஜி கேமரா, உள்ளே இல்ஃபோர்ட் எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம். ரோலுக்கு 12 படம்தான். மகாபலிபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் இருவரையும் நிற்கவைத்தேன். அன்று மேகம் பிரமாதம். லென்ஸ் முன்னால் சிவப்பு பில்டர், அதாவது சிவப்புக் கண்ணாடி, போட்டால் வானம் கறுத்து மேகம் எடுப்பாகத் தெரியும் என்று படித்திருந்தேன், போட்டேன். அது மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் பிலிம் கழுவியது தனிக் கூத்து. பிலிமில் படத்தை வரவைக்கும் டெவலப்பர் கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதம் சென்னைக் குழாயில் வருவதோ வெந்நீர். பக்கெட்டில் ஐஸ்கட்டி போட்டு, பாட்டிலை அதில் உட்காரவைத்துக் காத்திருந்தேன்.

பிரின்ட்டைப் பார்த்ததும் அக்கா கேட்டார்: "என் பொட்டு எங்கடா?"

சிவப்பு பில்டர் சிவப்பு ஒளியைத்தானே உள்ளே விடும். குங்குமமும் நெற்றியும் ஒரே வெளுப்பாகிவிட்டன, உதடும் போய்விட்டது. கணவர் பக்கத்தில் நிற்க, பொட்டில்லாத நெற்றி! அக்காவின் மாமியார் அந்தப் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

மறுபடி எடுத்தேன், மஞ்சள் பச்சை பில்டரில். பொட்டு பளிச்சென்று வந்தது. ஆனால் மாமா முகம் இன்னும் கறுத்துவிட்டது. "ஏம்ப்பா, இருக்கிற கறுப்பு போதாதா?" என்றார்.

* * *

தம்பி, உங்களுக்குப் பொட்டில் வந்த வினை எனக்கு வேட்டியில் வந்தது. பெரியப்பா, பெரியம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்தேன். வெளிச்சம் அளக்கும் மீட்டர் வெள்ளை வேட்டியைப் பார்த்து வெளிச்சம் தாராளம் என்று முடிவுகட்ட, இரண்டு முகமும் கரி. பெரியம்மாவின் அரக்குப் பட்டும் பச்சை பார்டரும் ஒரே சாம்பல் நிறம். இதற்கா அந்தப் புடவையைத் தேடி எடுத்துக் கட்டினார்! இப்போதெல்லாம் அவர்கள் இருக்கும் வெளிச்சத்தில் என் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிவைக்கிறேன். முகம் எந்த நிறமானாலும் உள்ளங்கை அவ்வளவாக மாறுவதில்லை. "கையை ஏண்டா காட்டுற, ஜோசியமா?" என்பார் பெரியப்பா.

* * *

ஸ்டூடியோவில் டச்சிங், அதாவது படத்தைக் கையால் திருத்தும் வேலை பார்த்தவன் நான். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரின்ட்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கருவளையம் எல்லாம் அப்படித்தான் மறைப்போம். பொட்டு வைக்க அது உதவாது. பிரின்ட் மேலேயே மெல்லிய பிரஷ்ஷால் வைப்போம், கை நடுங்கினால் போச்சு. தம்பி, பில்டரைக் கழற்றிவிட்டு அக்காவைக் கறுப்புச் சாந்து வைத்துவரச் சொல்லுங்கள்.

* * *

நன்றி அண்ணே. சாந்து கிடைக்கவில்லை, கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அக்கா சரி என்றுவிட்டார். மாமாதான் மூன்றாவது தடவை வர மாட்டேன் என்கிறார்.