கன்று செத்த மாடு பாலை ஒளிக்கிறது, ஊசி போடலாமா?

கட்டுத்தறி: இரண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பு. கன்று செத்த பிறகு ஒன்றரை லிட்டர் வந்ததுமே நிறுத்திவிடுகிறது. மடி கனமாகவே இருக்கிறது. பால் சொசைட்டியில் அளக்கும் கொழுப்பும் குறைகிறது. தீவனக் குறையா? பாலை இறக்க ஆக்ஸிடோசின் ஊசி போடச் சொல்கிறார்கள்.

மடிக்காம்பு: தீவனம் காரணமில்லை. மடி கனக்கிறது என்றால் பால் ஊறியிருக்கிறது, இறங்கத்தான் இல்லை. காம்புக்கு மேலுள்ள அறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும், அதைத்தான் கறக்கிறீர்கள். மீதி, மடிக்குள் பால் ஊறும் நுண்ணறைகளுக்குள். காம்பில் படும் தொடுவுணர்வு மூளைக்குப் போய், அங்குள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட்டு, அது மடிக்கு வந்து நுண்ணறையைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சுருக்கினால்தான் அந்தப் பால் கீழே வரும். கொழுப்பு கடைசிப் பாலில்தான் அதிகம். அது உள்ளேயே நின்றால் சொசைட்டியில் அளவு குறையத்தானே செய்யும்?

தீவனத்தொட்டி: கன்று முட்டுகிற வேலையைக் கை செய்யணும். வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் காம்பை அழுத்தித் துடைங்க. ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீச்சு தனிக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்க. திரிதிரியாக வந்தால் மடிநோய், அது வேறு வைத்தியம்.

தொட ஆரம்பித்து ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் காம்பு விறைக்கும். உடனே கறக்கணும். சுரப்பு ஐந்தாறு நிமிடம்தான் நிற்கும், கழுவிவிட்டு சொம்பு தேடப் போனால் போச்சு. கட்டைவிரலை மடக்காமல் முழுக் கையால் கறங்க, மடக்கினால் காம்பு உள்ளே புண்ணாகும். தவிடு, புண்ணாக்கைக் கறக்கும்போதே வைங்க, நாளடைவில் அந்தத் தொட்டிச் சத்தத்துக்கே சுரப்பு விடும். அடி, நாய், புது ஆள் எதுவும் கூடாது. மிரண்டால் அட்ரினலின் ஊறி ஆக்ஸிடோசினைத் தடுத்துவிடும். பழைய ஆட்கள் செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து மாட்டின் முன் நிறுத்தியது இதற்காகத்தான். ஆனால் கலப்பின மாட்டைக் கையால் பழக்குவது சுலபம்.

மடிக்காம்பு: ஊசி வேண்டாம். தினமும் போட்டால் ஊசி இல்லாமல் சுரப்பு விடாத மாடாகிவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. ஓரிரு வேளை அவசியமென்றால் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் நாள் கடத்தாதீர்கள். மடியில் பால் தேங்கினால் புதிதாக ஊறுவதும் குறையும், அப்படியே வற்றிவிடும்.

தீவனத்தொட்டி: ஒன்று விட்டுப்போச்சு. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, பசுந்தீவனம் போட்டு அரைமணி நேரம் நிற்க வைங்க. காம்புத் துளை மூடுவதற்குள் சாணியில் படுத்தால் மடிநோய்தான்.