புதுச்சேரி மியூசியம், பொட்டானிக்கல் கார்டன்: அப்பாவையும் மகளையும் ஒரே நாளில் கூட்டிப் போகலாமா?

கெடிலக்கரை:

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று அடிக்கடி புதுச்சேரி போகிறோம், ஆனால் பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் மியூசியத்துக்குள் வீட்டில் ஒருவரும் நுழைந்ததில்லை. இந்தச் சனிக்கிழமை அப்பா, மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் எல்லோருமாகப் போகலாம் என்று ஒரு யோசனை. அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உண்டு, ஆனால் பிடித்த விஷயம் கிடைத்துவிட்டால் வலியெல்லாம் மறந்துவிடும். மகளுக்கு மரம், பூ, பூச்சி என்றால் உயிர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எதையும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் "உடைந்த பானையும் பழைய நாற்காலியும்தான் இருக்கும், அதற்குப் பேசாமல் பீச்சுக்குப் போங்கள்" என்கிறார். நிஜமாகவே அவ்வளவுதானா? இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா, எதை முதலில் வைத்துக்கொள்வது? கார்டனில் மரங்கள் பார்க்கும்படி இருக்கின்றனவா, இல்லை குழந்தைகள் ரயில் மட்டும்தானா?

அரியாங்குப்பத்தான்:

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை சார். உடைந்த பானைதான். ஆனால் அந்த மியூசியத்துக்குப் போவதே அந்த உடைந்த பானைக்காகத்தான்.

அந்தப் பானை வந்தது ரோமோடு வியாபாரம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டிலிருந்து, அதை உங்கள் அப்பாவுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகளுக்கு மட்டும் போகும் வழியில் பஸ்ஸிலேயே கதையைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். 1944-இல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் சென்னை மியூசியத்தில் ஓர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆம்போரா துண்டு கண்ணில் பட்டது. ஆம்போரா என்றால் ரோமானியர்கள் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் அடைத்துக் கப்பலில் ஏற்றிய இரண்டு கைப்பிடி ஜாடி. எங்கே கிடைத்தது என்று பார்த்தால் அரிக்கமேடு, எங்கள் ஊர் காக்காயந்தோப்பு ஆற்றங்கரை. உடனே புதுச்சேரிக்குக் கிளம்பி வந்தார், மறு ஆண்டே தோண்ட ஆரம்பித்தார். அவருக்கு முன்பே ழூவோ துப்ரேய் போன்ற பிரெஞ்சு அறிஞர்கள் அந்த இடத்தின் அருமையைக் கண்டு எழுதியிருந்தார்கள், அதை நம் ஆட்கள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். வீலருக்குப் பிறகு கசால் என்ற பிரெஞ்சுக்காரர், அதன் பின் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று தோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இத்தாலியில் அரெத்சோ என்ற ஊரில் செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் இங்கே கிடைத்தன. சிலவற்றில் குயவர் முத்திரையும் உண்டு. அந்தத் தட்டு எந்தக் காலத்தில் செய்தது என்று இத்தாலியில் ஏற்கெனவே தெரியும், ஆகவே அதே மண்ணடுக்கில் கூடவே கிடைத்த நம்மூர்ப் பானைக்கும் காலம் தெரிந்துவிட்டது: கி.பி. முதல் நூற்றாண்டு. தென்னிந்தியத் தொல்லியலில் பானையை வைத்து உறுதியாகக் காலம் சொல்ல முடிந்தது இங்கிருந்துதான். அந்தத் துண்டின் முன் நிற்கும்போது இது தெரிந்திருந்தால் நகரவே மனம் வராது, தெரியாவிட்டால் அரை நிமிடத்தில் அடுத்த அறைக்குப் போய்விடுவோம். எந்த மியூசியமாக இருந்தாலும் பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு வரிதான் எழுதி வைக்க முடியும், மீதியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

மகளுக்குக் கண்ணாடிப் பெட்டி பிடிக்காது என்றீர்கள், மணிகளைக் காட்டுங்கள். கடுகளவு கண்ணாடி மணிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று இருக்கும். உருக்கிய கண்ணாடியை நடுவில் துளை இருக்கும்படி நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சூட்டில் உருட்டி முனையை மழுக்குவார்கள். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறையில் மணி செய்திருக்கிறார்கள். அரிக்கமேட்டில் செய்த மணி தென்கிழக்காசியா வரை போயிருக்கிறது.

முத்தியால்பேட்டை வாசகி:

மேலே அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் மியூசியம் என்றால் அரிக்கமேடு மட்டும் இல்லை. உங்கள் அப்பாவை முதலில் செப்புத் திருமேனிகள் பக்கம் கூட்டிப்போங்கள். கோயிலில் பூவும் பட்டும் போர்த்திய உற்சவரைத்தான் நாம் பார்த்திருப்போம், இங்கே எந்த அலங்காரமும் இல்லாமல் இடுப்பு வளைவு, விரல் மடிப்பு வரை தெரியும். மெழுகில் உருவம் பிடித்து, மேலே களிமண் பூசி, சூடுகாட்டி மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது என்று வீட்டிலேயே ஒருமுறை விளக்கிவிட்டால் மகளும் நின்று பார்ப்பாள். ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான், அப்புறம் அச்சை உடைத்துவிட வேண்டும் என்பதைச் சொன்னால் என் அக்கா பையனுக்குக் கண் விரிந்தது.

பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிப்பது புஷ் வண்டி. உட்கார்ந்திருப்பவர் முன்னால் கம்பியைப் பிடித்துத் திருப்ப, பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டே ஓடுவார். பாரதியார் புதுச்சேரியில் இருந்த காலத்தில் தெருவில் ஓடியவை இவைதான். பல்லக்கு, சாரட்டு எல்லாமும் உண்டு. கிளிஞ்சல்கள் பெரிய தொகுப்பாக இருக்கும், அதை அவசரப்படுத்தாமல் பார்க்க விடுங்கள்.

பிரெஞ்சுக்காரர் அறையில் கட்டில், கண்ணாடி, கடிகாரம், பீங்கான் எல்லாம் இருக்கும். டூப்ளே படுத்த கட்டில் என்று ஒன்றைக் காட்டுவார்கள். டூப்ளே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை, 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள், அதில் இந்தக் கட்டில் மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்கத் தோன்றும். நான் நம்பவில்லை, ஆனால் கட்டில் என்னவோ அழகான கட்டில்தான்.

திங்கட்கிழமை விடுமுறை, நீங்கள் சனிக்கிழமை வருவதால் கவலை இல்லை. உள்ளே செல்போனில் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கால் வலித்தால் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்குப் பக்கத்தில் நிழலில் உட்காரலாம்.

மரக்கிறுக்கு:

கார்டனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே!

குழந்தைகள் ரயிலும் நீரூற்றும் பிற்பாடு வந்தவை. அந்த இடம் 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது, பூ வைத்து அழகு பார்க்க இல்லை, எந்தப் பயிர் இந்த மண்ணில் வரும், எதில் காசு வரும் என்று பார்க்கிற சோதனைத் தோட்டமாக. அதை நடத்தியவர்களில் பெரொத்தே என்ற தாவரவியலாளர் முக்கியமானவர். இங்கே வருவதற்கு முன் ஆப்பிரிக்காவின் செனகலில் வேலை பார்த்தவர், நீலகிரியில் அலைந்து செடி சேகரித்தவர், 1870-இல் புதுச்சேரியிலேயே இறந்தார். அவர் நீலச் சாயம் எடுக்கும் அவுரிச் செடியைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த துணி கப்பலேறி செனகலுக்குப் போகும், அங்கே அதைக் கொடுத்து கருவேலம் பிசின் போன்ற பிசினை வாங்குவார்கள். நீலத்துக்கு அவுரி வேண்டும், அவுரி நம் தென்னாற்காட்டில் ஊர் ஊராக விளைந்தது. உங்கள் கடலூர்ப் பக்கமும்தான். ஆகவே பஸ்ஸில் ஏ.எஃப்.டி. துணி மில்லைத் தாண்டி கார்டனுக்கு வரும்போது துணியும் செடியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக நான் நினைத்துக்கொள்வேன். மில் பின்னால் வந்ததுதான், இருந்தாலும் எனக்கு அப்படித் தோன்றும்.

இப்போது போனால் எல்லா மரமும் அதே வயது என்று எதிர்பார்க்காதீர்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலை உங்களுக்கு நான் சொல்லவேண்டாம், கடலூரில் பலாவும் முந்திரியும் போன அதே இரவில் இங்கேயும் பெரிய மரங்கள் பல சாய்ந்தன. நிற்கிறவற்றைப் பார்த்து எது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நாகலிங்க மரத்தைச் சிவன் கோயில்களில் பார்த்துப் பார்த்து நம்மூர் மரம் என்று நினைத்திருப்பாள், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரமும் அந்தப் பக்கத்து ஆள்தான். திருவக்கரையிலிருந்து கொண்டுவந்த கல்மரத் துண்டு உள்ளே இருக்கிறது, அதைத் தொட்டுப் பார்க்காமல் வராதீர்கள். மரத்தின் நார் ஓட்டம்கூடத் தெரியும், ஆனால் முழுக்கக் கல், சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழசு.

பூரணாங்குப்பம்:

கார்டன் எல்லாம் சும்மா பூங்கா பாஸ். செடி மேல் உண்மையான ஆர்வம் இருக்கிற பிள்ளை என்றால் ஆரோவில் தாவரவியல் தோட்டத்துக்குப் போங்கள். 2000-இல் 50 ஏக்கர் பொட்டல் நிலத்தில் தொடங்கியது. வீரை, காசா, பாலை என்று நம் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களை அங்கே வளர்க்கிறார்கள். இந்தக் காடு இப்போது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கிறது.

மரக்கிறுக்கு:

ஆரோவில் தோட்டம் நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் மியூசியமும் ஆரோவிலும் என்றால் வெயிலில் நான்கு பேரும் சண்டை போட்டுக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். அது தனியாக ஒரு நாள், மழைக்குப் பின் மார்கழி, தையில் போகலாம். அப்புறம் "சும்மா பூங்கா" என்றால் எப்படி? ஒன்று நம்மூர்க் காட்டைக் காப்பாற்ற நட்டது, இன்னொன்று வெளியூர் மரத்தைக் கொண்டுவந்து வியாபாரத்துக்கு நட்டது. இரண்டையும் பார்த்தால்தானே ஒன்றுக்கொன்று எவ்வளவு நேர்மாறு என்பது புரியும்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், டூப்ளே கட்டில் விஷயத்தில் அக்கா சொன்னதுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது அவர் ஒரே பிடியாக அரிக்கமேட்டுக்கே போகவேண்டும் என்கிறார். அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

அரியாங்குப்பத்தான்:

உண்மையைச் சொன்னால் கண்ணுக்குக் கொஞ்சம்தான் சார். தோண்டிய குழிகளை மறுபடி மூடிவிட்டார்கள், அதுதான் முறை, திறந்து வைத்தால் மழையில் செங்கல் சுவர் கரைந்துவிடும். நிற்பது 18ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ மிஷன் கட்டடத்தின் சுவர்கள், அதைத்தான் பலர் ரோமானியர் கட்டியது என்று நினைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். மற்றபடி தோப்பு, ஆறு.

ஆனால் வரலாற்று ஆசிரியருக்கு அந்த ஆறே போதும். கடலில் கப்பல் நிற்க, உள்ளே சரக்கு வர ஏற்ற இடம் என்று பார்த்தவுடன் புரியும். லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1769 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க புதுச்சேரியில் காத்திருந்தார், அன்றைக்கென்று மேகம் மூடிவிட்டது, பாவம். அவர் இங்கே இருந்த நாட்களில் இந்த இடத்துப் பழைய செங்கல் சுவர்களைப் பற்றியும் குறித்து வைத்தார், அதாவது வீலருக்கு 175 ஆண்டுகளுக்கு முன்பே. மழைக்குப் பிறகு மண்ணில் மணி மின்னும், மகள் எடுக்கப் போவாள், விடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம், எடுக்கக் கூடாது.

முதலில் மியூசியம், பிறகு மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளைப் பார்த்துவிட்டு வந்தால்தான் தோப்பில் நிற்கும்போது ஏதாவது தோன்றும்.

முத்தியால்பேட்டை வாசகி:

அப்படியென்றால் காலையிலேயே கடலூர் பஸ்ஸில் வந்து கார்டன் கிட்டேயே இறங்கிவிடுங்கள், வெயில் ஏறும் முன் மரங்களைப் பார்த்து முடிக்கலாம். அங்கிருந்து மியூசியத்துக்கு ஆட்டோ, ஏறும் முன்பே ரேட் பேசிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பும் வழியில் அரியாங்குப்பத்தில் இறங்கி அரிக்கமேடு. கார் எடுத்து வராதீர்கள், சனி, ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் மியூசியம் இருக்கும் ஒயிட் டவுனில் நிறுத்த இடம் தேடியே அப்பாவின் பொறுமை போய்விடும்.