30 வாரத்தில் பிறந்த என் இரட்டையருக்குப் பால் கொடுத்த 46 நாட்கள்

எனக்கு 30 வாரத்திலேயே சிசேரியன் ஆகிவிட்டது. பெரியவன் 1,250 கிராம், சின்னவள் 1,080 கிராம். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, இருவரையும் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு (என்ஐசியு) கொண்டுபோய்விட்டார்கள். நான் வேறு தளத்தில், எழுந்து உட்கார முடியாமல் கிடந்தேன்.

ஐந்து மணி நேரம் கழித்து ஒரு சிஸ்டர் 1 மில்லி சிரிஞ்ச்சோடு வந்து, "பால் எடுக்கலாமாம்மா?" என்றார். பத்து வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டார்களே, பால் எப்படி வரும் என்று கேட்டேன். நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டால் போதும், எத்தனை வாரம் என்று உடம்பு கணக்குப் பார்க்காது என்றார். முதல் இரண்டு நாள் கையால்தான் எடுத்தோம். சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும்; பம்ப் வைத்தால் பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். விரல்களைக் காம்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, அப்புறம் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. இருபது நிமிடத்தில் கிடைத்தது 0.4 மில்லி. அதைப் பார்த்து அழுதுவிட்டேன். சிஸ்டரோ அதைப் பத்திரமாகக் கொண்டுபோய், இரண்டாகப் பிரித்து, இருவரின் கன்னத்து உட்புறத்திலும் தடவியிருக்கிறார். வாயில் பட்ட முதல் ருசி என் பால்தான் என்று கணவர் வந்து சொன்னபோது அழுகை வேறு மாதிரி ஆனது.

அந்த வயதில் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்யக் குழந்தைக்குத் தெரியாது. கர்ப்பக் கணக்கில் 32 முதல் 34 வாரத்துக்குள்தான் அது மெல்ல வரும். அதனால் வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூப். மூன்று மணிக்கு ஒரு தடவை 2 மில்லி. சிரிஞ்ச்சை உயர்த்திப் பிடித்தால் பால் தானாக இறங்கும், அழுத்த மாட்டார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து பம்ப். ஒரு நாளைக்கு எட்டு தடவை, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். நடுராத்திரி ஒரு தடவை கட்டாயம், அந்த நேரத்தில்தான் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அதிகம். எவ்வளவு வருகிறது என்று பார்க்காதே, எத்தனை தடவை எடுத்தாய் என்று மட்டும் பார் என்றார் அதே சிஸ்டர். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது. நாலாம் நாள் இரண்டு பக்கமும் சேர்த்து 15 மில்லி வந்தால் பெரிது. பத்தாம் நாள் மொத்தம் 400 மில்லியைத் தாண்டியது.

ஒன்பதாம் நாள் சின்னவளுக்கு வயிறு உப்பியது. பாலை நிறுத்திவிட்டு டிரிப்ஸில் போட்டார்கள். என் பால் சேரவில்லையோ என்று இரண்டு நாள் செத்துப் பிழைத்தேன். குறைமாதக் குடலுக்கு வரும் ஆபத்தான அழற்சியைக் குறைப்பதே தாய்ப்பால்தான், அதனால் எடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார் டாக்டர். அந்த இரண்டு நாள் பாலையும் ஃப்ரீசரில் வைத்தோம். மூன்றாம் நாள் மறுபடி 2 மில்லியிலிருந்து ஆரம்பித்தாள். அண்ணன் அப்போது முழு அளவுக்கு வந்து, பாலோடு சத்துப்பொடியும் கலந்து வாங்கிக்கொண்டிருந்தான். இருவரையும் ஒப்பிடாமல் இருக்க வேண்டும் என்று தெரியும். ஆனாலும் தினமும் ஒப்பிட்டேன்.

பால் நன்றாக ஏறியது கங்காரு முறைக்கு அப்புறம்தான். டயப்பர், தொப்பியோடு மட்டும் குழந்தையை என் நெஞ்சில் வைத்து, மேலே துணியால் கட்டிவிடுவார்கள். இறக்கிய கையோடு பம்ப் செய்தால் வழக்கத்தைவிட 20, 30 மில்லி கூட வந்தது. இருவரையும் சேர்த்து நெஞ்சில் வைத்த அன்று, சின்னவளின் கை அண்ணன் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெரியவன் அதே கர்ப்பக் கணக்கில் 33 வாரத்தில் மார்பை நக்கிப் பார்த்தான். பம்ப் செய்து காலியான பிறகுதான் முதலில் வைத்துப் பழக்கினார்கள், புரையேறக் கூடாது என்று. 34 வாரத்தில் நாலு இழுப்பு இழுப்பான், அப்படியே தூங்கிவிடுவான். ஒருநாள் பால் நிறைய இருந்தபோது வைத்துவிட்டேன். மூச்சு விடாமல் விழுங்கி, ஆக்ஸிஜன் 82-க்கு இறங்கி மானிட்டர் கத்தியது. வாயை எடுத்து முதுகைத் தேய்த்ததும் சரியாகிவிட்டான், ஆனால் என் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. அப்புறம் எப்போதும் கொஞ்சம் எடுத்துவிட்டு, வேகம் குறைந்த பிறகே வைத்தேன். மார்பில் குடித்தது போக மீதியைப் பாலாடை என்ற சின்ன மூக்குக் கிண்ணத்தில் கொடுத்தோம்.

சின்னவள் ஒழுங்காகக் குடிக்க 36-ஆம் வாரம் ஆனது. அவன் 38-ஆம் நாளே வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு எட்டு நாள் நான் இங்கும் அங்கும் அலைந்தேன். ஒருவனுக்கு நேரில் கொடுத்துவிட்டு, இவளுக்கு ஐஸ் வைத்த பையில் பால் எடுத்துக்கொண்டு ஓடுவேன். 46-ஆம் நாள் அவளையும் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, ஃப்ரீசரில் மிச்சமிருந்த என் பால் பதினொரு பாட்டிலைச் சிஸ்டர் எடுத்து வந்து கொடுத்தார். வயிறு உப்பியிருந்த நாட்களின் தேதி அதில் இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கினால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது என்று மறுபடி நினைவூட்டினார். அன்று ராத்திரி அசந்து தூங்கிவிட்டேன். அந்தப் பாலை உருக்கி இருவருக்கும் கொடுத்தது அவர்கள் அப்பா.