என் படம் ஓவியர் ஜோர்ஜ் கீட் வரைந்தது மாதிரி இருக்கிறதாம், என்ன செய்வது?

மருதாணிக்கை:
வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். பகலில் கணக்கு வேலை, சனி ஞாயிறில் அக்ரிலிக். முறையாகப் படித்ததில்லை. போன மாதம் அம்மா திருவலையில் இருந்து தேங்காய் திருவுவதை வரைந்தேன். முகம் பக்கவாட்டில், கண் மட்டும் முழுதாக நேரே பார்க்கும், சுற்றிவரத் தடித்த கறுத்தக் கோடு, சேலை மஞ்சளும் செங்காவியும். எனக்குச் சரியான சந்தோஷம். ஒரு குழுக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். தெரிவு செய்பவர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "இது ஜோர்ஜ் கீட் எல்லோ, இதில் நீர் எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தேடினால், கீட்டே பிக்காசோவைப் பார்த்து வரைந்தவர் என்று நாலு இடத்தில் எழுதிக் கிடக்கிறது. அவர் செய்தால் செல்வாக்கு, நான் செய்தால் கொப்பியா? கறுத்தக் கோட்டை விட்டுவிட வேண்டுமா? உண்மையாகத்தான் கேட்கிறேன், பகிடி பண்ணாதீர்கள்.

பழைய சித்திர வாத்தி:
பிள்ளை, அவர் சொன்ன விதம் பிழை. சொன்னதில் பாதி சரி.

கீட் 1901இல் கண்டியில் பிறந்தவர். பாரிசில் போய்ச் சித்திரம் படித்தவரல்ல. சித்திரக் கல்விக்குப் பொறுப்பாக இங்கே வந்த வின்சர், லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துவிட்டுத் திரும்பிய லயனல் வென்ட், இப்படியான ஆட்கள் வழியாகவும் புத்தகங்கள் வழியாகவும்தான் பாரிஸ் ஓவியர்களான பிக்காசோவும் பிராக்கும் மத்தீசும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். ஆனால் அதே ஆள் மல்வத்தை விகாரைக்குப் பக்கத்தில் இருந்து, பிக்குகளோடு பழகி, பௌத்தம் படித்தவர். கண்டிக்கால விகாரைச் சுவர்களைப் பார்த்திருக்கிறாயா? நிழல் கிடையாது, தூரம் கிடையாது. சிவப்புப் பின்னணியில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், ஒவ்வொருவரையும் ஒரு கோடு கட்டி வைத்திருக்கும். தட்டையான வெளியைப் பாரிசிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை, அது வீட்டு வாசலிலேயே கிடந்தது. பிக்காசோவிடம் அவர் எடுத்தது, இதை இந்தக் காலத்திலும் செய்யலாம் என்ற துணிச்சலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிக்காசோவும் வெறுங்கையோடு வரவில்லை. 1907இல் 'அவிஞ்ஞோன் பெண்கள்' என்ற ஐந்து பெண்களின் படத்தை வரைந்தபோது, ஸ்பெயினின் பழைய ஐபீரியக் கற்சிலைகளின் முகமும், பாரிஸ் நூதனசாலையில் பார்த்த ஆபிரிக்க முகமூடிகளும், அவருக்கு முந்திய ஓவியர் செசானும் அவர் தலைக்குள் சேர்ந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. வான்கோ இன்னும் மோசம். 1887இல் யப்பான் ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு மரக்கட்டை அச்சுகளை அப்படியே எண்ணெய் வர்ணத்தில் பெயர்த்தார். ஒன்று பூத்த மரம், மற்றது மழைக்குள் பாலம். யப்பான் எழுத்துகளையும் விளிம்பெல்லாம் வரைந்தார், ஒன்றுகூட வாசிக்கத் தெரியாமல்! அடுத்த வருடம் தெற்குப் பிரான்சில் ஆர்ல் என்ற ஊருக்குப் போன பிறகு அந்த அலங்காரம் போய்விட்டது, நிழல் இல்லாத நிறம் மட்டும் தங்கிவிட்டது.

அதனால் கொப்பி அடிப்பது பாவமில்லை. ஆனால் நீ கீட்டைப் பார்த்ததே போனிலும் நாட்காட்டியிலும்தானே? 154 பஸ்ஸில் ஏறிப் பொரளைக்குப் போ. கோதமி விகாரையில் 1939, 40 காலத்தில் அவர் வரைந்த சுவர்கள் இருக்கின்றன. ஒரு கையை மட்டும் தெரிந்தெடுத்துப் பென்சிலால் வரைந்து பார். பிறகு வந்து கதை.

கரிக்கட்டி:
சேர் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் கீட்டுக்குக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். பிற்காலப் படங்களைப் பாருங்கள், ராதைக்கும் தோழிக்கும் நாயகிக்கும் ஒரே மூக்கு, ஒரே வளைவு. மற்றவர்கள் அவரைக் கொப்பி அடிக்க முதலே அவர் தன்னைத் தானே கொப்பி அடிக்கத் தொடங்கிவிட்டார். (திட்ட நினைப்பவர்கள் திட்டலாம்.) ஒரு பின்னேரம், தெருவோரம் படம் விற்கிற கிரீன் பாத் நடைபாதையில் நடந்தால் அதே மூக்கு உங்களைப் பார்த்துக்கொண்டு வரிசையாகத் தொங்கும். மருதாணிக்கை அக்காவின் படம் அரை நிமிடத்தில் திரும்பி வந்ததற்குக் காரணம் பிக்காசோ இல்லை, அந்த வரிசைதான். பாவம், நல்ல படமாகவும் இருந்திருக்கலாம்.

இன்னொன்று. 43 குழு, அதுதான் 1943இல் கொழும்பில் கீட்டும் மற்ற ஓவியர்களும் சேர்ந்து தொடங்கிய குழு, என்றால் எல்லாருக்கும் கீட் மட்டும்தான் ஞாபகம். ஒரே காலம், கொழும்பில் ஒரே கூட்டம், ஆனால் ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. ஜஸ்டின் தெரணியகல லண்டனிலும் பாரிசிலும் படித்தவர், அவருடைய படங்களில் வர்ணமே சதை மாதிரிப் பிசைந்து கிடக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். ஐவன் பீரிஸ் 1953க்குப் பிறகு இங்கிலாந்திலேயே இருந்துவிட்டார், சவுத்எண்ட் என்ற கடலோர ஊரில். அங்கே இருந்துகொண்டு நம் தெஹிவளைப் பக்கத்துக் கடற்கரையைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரு ஆள், ஒரு மரம், அடிவானம், அவ்வளவுதான். நாம் தினமும் ரயிலில் இருந்து பார்க்கிற கடல், ஆனால் அந்த அமைதியை நான் ஒருநாளும் அதில் கண்டதில்லை. பார்ன்ஸ் பிளேசில், அதே குழுவில் இருந்த ஹரி பீரிசின் பழைய வீடுதான் இப்போது சபுமல் மன்றம், 43 குழுவின் படங்கள் அங்கே இருக்கின்றன. பொரளைக்குக் கிட்டத்தான், ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

ஆமர் வீதி அன்ரி:
ஓவியருக்கு ஓவியரிடமிருந்துதான் எல்லாம் வரும் என்பது போலக் கதைக்கிறீர்கள். தொண்ணூறுகளில் கொழும்பில் இருந்தவர்களுக்குச் சோதனைச்சாவடிப் பீப்பாய்கள் ஞாபகம் இருக்கும், பச்சையும் மண்ணிறமும் பூசி வீதியை அடைத்து வைத்திருப்பார்கள். ஓவியர் சந்திரகுப்த தேனுவர அந்தப் பீப்பாயை எடுத்துத்தான் 1997இல் 'பரலிசம்' என்று தொடங்கினார், பரல் என்றால் பீப்பாய்தானே. மொஸ்கோவில் படித்துவிட்டு வந்த மனுஷன், அவர் நினைத்திருந்தால் ரஷ்யக்காரர் மாதிரி வடிவாக வரைந்துகொண்டே இருந்திருக்கலாம். அவருடைய பீப்பாய்களை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிற்றைப் பிசைந்தது. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில் எத்தனை தரம் நின்றிருப்பேன். ஒருநாளும் அதை ஒரு படமாக நான் பார்த்ததில்லை.

நம் ஆட்களையும் சொல்லுங்கள். ஓவியர் மாற்கு மாஸ்ரர் குருநகரில் பிறந்து, கொழும்பில் படித்து, யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேருக்குப் படிப்பித்தவர். ஓவியர்கள் அருந்ததி, வாசுகி எல்லாம் அவரிடம் பழகியவர்கள். அவர்களின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவருடைய கோடு அவர்களிடம் இல்லை. நல்ல வாத்திக்கு அதுதான் அடையாளம்.

பிள்ளை, உம்மிடம் ஒரு கேள்வி. தேங்காய் திருவினால் அம்மாவுக்கு எங்கே நோகும்? அது படத்தில் இருக்கிறதா?

மருதாணிக்கை:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு காலையில் பொரளைக்குப் போனேன். சபுமலுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை, கரிக்கட்டி மன்னிக்கவும்.

உள்ளே போனவுடன் முதலில் தெரிந்தது அளவு. போனில் பெருவிரல் அளவில் பார்த்த உருவங்கள் அங்கே என்னைவிடப் பெரிதாக நின்றன. சேர் சொன்னபடி ஒரு கையை எடுத்தேன். நாலு தரம் வரைந்தேன், நாலு தரமும் விறைத்துப்போனது. அங்கே தோளில் தொடங்கிய கோடு ஒரே மூச்சில் விரல்வரை போகிறது, நான் முழங்கையில் நின்று யோசிக்கிறேன். நான் கோடு போட்டது மார்க்கர் பேனையால், அதுவும் உருவத்தை வரைந்து முடித்த பிறகு, வேலி அடைக்கிற மாதிரி. கீட் கோட்டாலேயே உருவத்தைச் செய்கிறார். இது ஒரு விசயம்.

மற்றது வீட்டில்தான் நடந்தது. பின்னேரம் அம்மா சம்பலுக்குத் திருவினார், நான் வரைகிற கொப்பியோடு முன்னால் குந்தியிருந்தேன். இருபத்தெட்டு வருடமாகப் பார்த்த காட்சி. அம்மாவின் கண் தெரியவே இல்லை! தலை முழுதாகக் கவிழ்ந்து, இமை மட்டும் தெரிகிறது. சிரட்டை தெரியத் தொடங்கியதும் இரண்டு பெருவிரலும் தானாக மேலே எழும்புகின்றன, திருவலைப் பல்லில் படாமல். நான் வரைந்த நேரே பார்க்கிற கண் எங்கள் குசினியில் இல்லவே இல்லை, அது கீட்டின் ராதையிடமிருந்து நேரே வந்திறங்கியது.

கோட்டை விடவில்லை. கண்ணை வெள்ளை பூசி மறைத்துவிட்டேன். இப்போது முகம் வெறிச்சென்று கிடக்கிறது, இமையை நாலைந்து தரம் போட்டுப் பார்த்தும் தூங்குகிற மாதிரித்தான் வருகிறது.

பழைய சித்திர வாத்தி:
இமையை விடு, கழுத்தைப் பார். கழுத்து நிமிர்ந்திருந்தால் எந்த இமையும் தூங்கத்தான் செய்யும்.

கரிக்கட்டி:
படத்தைப் போடுங்கள் அக்கா, வெள்ளை பூசியபடியே.

ஆமர் வீதி அன்ரி:
நான் கேட்டதற்குப் பதில் இல்லையே?

மருதாணிக்கை:
கேட்டேன் அன்ரி. கை இல்லையாம், வலது தோளாம். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேட்டாயா?" என்கிறார்.