உலர்ந்த அப்ரிகொட் ஜாம் டொபி மாதிரி இறுகிப் போச்சு, தோலும் அவியேல்லை. காப்பாத்த வழி இருக்கோ?

புதுத்தாச்சி:
வணக்கம். வெளிநாட்டுப் பார்சலில வந்த உலர்ந்த அப்ரிகொட் 500 கிராமில ஜாம் போட்டனான். பழத்தைக் கழுவி 1 லீற்றர் கிணத்துத் தண்ணியில இரவு முழுக்க மேசையில ஊறவிட்டது. காலமை ஊறின தண்ணியோட அலுமினியத் தாச்சியில ஊத்தி, 750 கிராம் சீனியும் ஒரு தேசிக்காய்ப் புளியும் ஒண்டாப் போட்டு, இறுகுமட்டும் கிண்டினது. அடுப்பில கிடக்கேக்க நல்ல பதமாத்தான் தெரிஞ்சுது. ஆறினாப்பிறகு கரண்டி இறங்குதில்லை, பாணில பூச ஏலாது. தோல் சவ்வு மாதிரி இழுபடுது. போத்தல்களில அடைச்சது மொத்தம் 1250 கிராம்.

இன்னொண்டும் இருக்கு. பேரீச்சம்பழமும் முந்திரிகை வத்தலும் (உலர்ந்த திராட்சை) சேர்த்து, சீனிக்குப் பதிலா பனங்கட்டி போட்டு ஒரு போத்தல் செய்தது. அது இறுகவே இல்லை. இப்ப மேல குமிழ் வருது, மூடி திறக்க "புஸ்" எண்டுது. இரண்டையும் என்ன செய்யலாம்?

நிறைதராசு:
நிறை எழுதினது நல்லதாப் போச்சு, பிழை அதிலயே தெரியுது.

500 கிராம் உலர்ந்த அப்ரிகொட்டில தண்ணியில கரையிற பொருள், முக்கியமாப் பழத்தின்ர சொந்தச் சீனி, ஏறத்தாழ 300 கிராம் எண்டு வையுங்கோ. நீங்கள் போட்ட சீனி 750. கூட்டினால் 1050. ஜாமில கரைஞ்ச பொருள் 65 வீதமளவில நிக்கவேணும். 1050 ஐ 0.65 ஆல பிரிச்சால் 1615 கிராம். உங்களிட்டக் கிடக்கிறது 1250. அப்ப 84 வீதம். அது டொபிப் பாகு. வெப்பமானி வைச்சிருந்தால் 112, 113 பாகை காட்டியிருக்கும். ஜாமுக்கு 105 காணும்.

சூட்டில பதம் பாத்தது தான் வினை. கொதிக்கிற ஜாம் எப்பவும் தண்ணியாத்தான் தெரியும், ஜாமை இறுக்கிற பழப்பசை, பெக்ரின் எண்டு சொல்லுறது, பிடிக்கிறது ஆறேக்க. அடுப்பிலயே ஜாம் பதமாத் தெரிஞ்சால் நேரம் எப்பவோ கடந்துட்டுது.

காப்பாத்தலாம். 1615 இல 1250 போக 365. போத்தல்களைச் சுடுதண்ணியில நிக்கவிட்டு ஜாமை இளக்கி எடுங்கோ. 350 மில்லிலீற்றர் கொதிச்ச தண்ணியும் ஒரு தேசிக்காய்ப் புளியும் விட்டு, மெல்லிய நெருப்பில கட்டி எல்லாம் கரையுமட்டும் பொறுமையாக் கிண்டுங்கோ. பேந்து ஒரு கொதி, இறக்கிப் பதம் பாருங்கோ. நெருப்பைக் கூட்டினால் அடி கருகும், கட்டி அப்பிடியே கிடக்கும்.

இனிமேல் வெறும் சட்டியை முதலே நிறுத்து எழுதி வையுங்கோ. சட்டியோட நிறுத்து, சட்டி நிறையைக் கழிக்கேக்க கணக்கு வந்துட்டுது எண்டால் இறக்கலாம். வெப்பமானியை விட எனக்கு இதில தான் நம்பிக்கை.

சுண்ணாம்புக்கல்:
தோலுக்குக் காரணம் வேற, இரண்டு இருக்கு.

ஒண்டு சீனி. பழம் அவிய முதல் சீனி போட்டால் அது பழத்துக்குள்ள கிடக்கிற தண்ணியை வெளிய இழுக்கும், தோல் சுருங்கி இறுகும். அதுக்குப் பிறகு எவ்வளவு கொதிச்சாலும் மெதுவாகாது. உலர்ந்த பழத்தை இரண்டு விரலால நசிச்சால் தோலோட பசையாகவேணும், அதுக்குப் பிறகு தான் சீனி.

மற்றது தண்ணி. யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கக் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தில கிடக்கு, தண்ணியில கல்சியம் கூட. அது தோலில உள்ள பெக்ரினைப் பிடிச்சு இறுக்கிப் போடும். உங்கட தண்ணியில பருப்பு அவிய நேரம் எடுக்குதோ, கேத்தில் அடியில வெள்ளையாப் படியுதோ எண்டு பாருங்கோ. ஓம் எண்டால் ஊறவைக்கவும் அவிக்கவும் ஆர்.ஓ. தண்ணி (மெசினில சுத்திகரிச்சது) எடுங்கோ. இல்லாட்டில் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சு, ஆறவிட்டு, அடிமண்டி வராமல் மேல் தண்ணியை மட்டும் வடிச்செடுங்கோ. முழுக்கத் தீராது, குறையும்.

இப்ப கிடக்கிற தோல் இனி அவியாது. தண்ணி விட்டு இளக்கினாப்பிறகு பிளெண்டரில அடிச்சுப் போடுங்கோ.

அடுப்பங்கரை:
பேரீச்சம்பழ ஜாமை ஒருக்கா நல்லாக் கொதிக்க வைச்சால் சரிவராதோ? பனங்கட்டி விலையும் இப்ப லேசில்லை.

நிறைதராசு:
வேண்டாம். குமிழும் புஸ்ஸும் நொதிச்சதுக்கு அடையாளம். பேரீச்சம்பழம் புளிப்புக் குறைஞ்ச பழம். அப்பிடிப்பட்ட ஜாம் அடைச்ச போத்தலுக்குள்ள கெட்டால் வெறும் புளிச்ச மணத்தோட நிக்காது, நஞ்சும் சேரலாம். ருசி பார்க்கவும் வேண்டாம், கொட்டுங்கோ. போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொதிதண்ணியில அவியுங்கோ.

சுண்ணாம்புக்கல்:
அது இறுகாததுக்குப் பனங்கட்டியும் ஒரு காரணம். கருப்பநீர் (பனங்கட்டி காய்ச்சிற பதநீர்) புளிக்காமல் இருக்க முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசுவினம். அதில ஒரு பங்கு கட்டிக்குள்ளயும் தங்கும், நீங்கள் விடுற தேசிக்காய்ப் புளியை அது தின்னும். பெக்ரின் கட்டிறதுக்குப் புளிப்பு வேணும், pH (புளிப்பின்ர அளவு, எண் கூடினால் புளிப்புக் குறைவு) 3.4 க்கு மேல போனால் ஜாம் ஓடும். பனங்கட்டி வாசம் வேணுமெண்டால் சீனியில நாலில ஒரு பங்கை மட்டும் மாத்துங்கோ. கரைச்சு, துணியில வடிச்சு விடுங்கோ, மண் கிடக்கும்.

திரும்பச் செய்யிறதெண்டால்: பேரீச்சம்பழம் 300, வத்தல் 200, சீனி 250 கிராம். அரைப்பழக் கொய்யா 250 கிராமை விதையோட நறுக்கி 500 மில்லிலீற்றர் தண்ணியில அரை மணித்தியாலம் அவிச்சு, பிழியாமல் வடிச்செடுத்தால் அது தான் பெக்ரின் தண்ணி. அதில பழங்களை அவியுங்கோ. விளாம்பழம் இருந்தால் இன்னும் நல்லம், புளிப்பும் அதிலயே இருக்கு. கடைசியில 75 மில்லிலீற்றர் தேசிக்காய்ப் புளி. வரவேண்டிய நிறை 900 கிராமளவு. இதைக் கட்டாயம் பிரிட்ஜில வையுங்கோ, அலுமாரி சரிவராது. வத்தலில எண்ணெய் பூசி வாறது, இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவுங்கோ.

புதுத்தாச்சி:
நன்றி அண்ணை, நன்றி அக்கா. இன்னும் 500 கிராம் அப்ரிகொட் கிடக்கு. எப்பிடித் தொடங்க? வத்தல் ஜாம் நாளாக நறநறக்கும் எண்டும் சொல்லுகினம்.

சுண்ணாம்புக்கல்:
மேசையில இரவு முழுக்க ஊறவிடாதேங்கோ தங்கச்சி. எங்கட வெக்கைக்கு விடியேக்க தண்ணியில நுரை வந்துடும். 1 லீற்றர் கொதிதண்ணி ஊத்தி இரண்டு மணித்தியாலம் மூடி வையுங்கோ, இல்லாட்டில் பிரிட்ஜில இரவு விடுங்கோ. எவர்சில்வர் சட்டியில ஊறின தண்ணியோடயே 30, 40 நிமிசம் மெல்லிய நெருப்பில, மூடி வைச்சு. அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். தோல் நசிஞ்ச பிறகு அடுப்பை நூத்து, 750 கிராம் சீனியும் மூண்டு தேசிக்காய்ப் புளியும். சீனி முழுக்கக் கரைஞ்சாப்பிறகு தான் கூடின நெருப்பு. 1615 கிராமில இறக்குங்கோ.

செம்மஞ்சள் நிறமாப் பளிச்செண்டு இருக்கிற பழத்துக்குக் கந்தகப் புகை பிடிச்சிருப்பினம். வீட்டில ஆஸ்மாக்காரர் இருந்தால் கபிலநிறப் பழம் வாங்குங்கோ.

நிறைதராசு:
நறநறப்பு பழத்தின்ர குளுக்கோசு மணியாகிறது. முந்திரிகைவத்தலில அது கூட. கூடக் காய்ச்சினாலும், சட்டி ஓரத்தில ஒட்டின சீனி திரும்ப ஜாமுக்குள்ள விழுந்தாலும் கெதியா வரும். ஓரத்தை ஈரத் துணியால துடைச்சுக் கொண்டு வாங்கோ.

பதத்துக்கு ஒரு பீங்கான் தட்டை முதலே பிரீசரில வையுங்கோ. ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிசம் கழிச்சு விரலால தள்ளினால் மேல் தோல் சுருங்கவேணும். தட்டுப் பாக்கிற நேரம் சட்டி அடுப்பில இருக்கக் கூடாது, அந்த இரண்டு நிமிசத்திலயே கூடிப் போகும்.

புதுத்தாச்சி:
பழைய ஜாம் போத்தல் மூடி பாவிக்கலாமோ?

நிறைதராசு:
உள்பக்க ரப்பர் வளையம் வெடிக்காமல், கறள் பிடிக்காமல் இருந்தால் பாவிக்கலாம். போத்தலை 10 நிமிசம் அவிச்சு, கவிழ்த்துக் காயவிட்டு, சூட்டோட இருக்கேக்கயே கொதி ஜாமை ஊத்துங்கோ. மேல அரை சென்ரிமீற்றர் இடம் விட்டு உடன மூடுங்கோ. ஈரத் துணியால துடைச்ச போத்தலில தான் முதல் பூஞ்சணம் வரும்.