எல்கோ 80 அடி பி.டி. படகு: டார்பிடோ தாங்கியின் அளவுகள் தேவை

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய, எல்கோ நிறுவனம் கட்டிய பி.டி. (ரோந்து டார்பிடோ) படகின் மாதிரியை 1/35 அளவில் செய்ய வரைபடம் தயாராகிறது. டார்பிடோ பகுதியில்தான் சிக்கல்.

தொடக்கத்தில் 21 அங்குலக் குழாய்கள். கருமருந்து வெடித்து மார்க் 8 டார்பிடோவை வெளியே தள்ளும். உள்ளே பூசிய கிரீஸ் சில சமயம் பற்றிக்கொள்ளும். இருட்டில் அந்தத் தழல் ஒன்றே போதும், படகு இருக்குமிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். 1943 முதல் குழாய்களைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த மார்க் 13-ஐப் பக்கவாட்டில் கடலுக்குள் உருட்டிவிடும் தாங்கிகளை வைத்தார்கள். அருமையான மாற்றம்! மார்க் 13-இன் விட்டம் 22.5 அங்குலம், பழைய குழாய்க்குள் நுழையாது.

அந்தத் தாங்கியின் விடுவிப்பு நெம்புகோல், பிடிப்பட்டைகள், தளத்தில் பொருத்திய கோணம் ஆகியவை தெரியும் நெருக்கப் படமோ அளவுகளோ இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். ஹிக்கின்ஸ் நிறுவனத்தின் 78 அடி பி.டி. படகின் படங்கள் உதவாது, தள அமைப்பே வேறு.