செவலைக்கு நாளை ஆபரேஷன்

குழு: வடவள்ளி நான்காம் குறுக்குத் தெரு

வியாழன்

சாந்தி, மாலை 6.40
ரேவதி, வேலை முடிந்து வந்துவிட்டாயா? கால்நடை டாக்டர் என்று உன்னிடம்தான் கேட்கிறேன். எங்கள் நாய் செவலை நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குண்டான் குண்டானாகக் குடிக்கிறாள். பின்பக்கம் சீழ் மாதிரி ஒழுகுகிறது. இன்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, நாளைக் காலையே எடுத்துவிட வேண்டும் என்கிறார். டிரிப்ஸ் ஏற்றி, ஆன்டிபயாட்டிக் போட்டு அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

சாந்தி, மாலை 6.41
ஒன்பது வயது முடியப்போகிறது அவளுக்கு. இந்த வயதில் மயக்க ஊசி தாங்குவாளா? வீட்டில் இவர் வேண்டவே வேண்டாம், மாத்திரையில் பார்க்கலாம் என்கிறார்.

முருகேசன், மாலை 6.47
அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் டைகரைக் கருத்தடைக்கு விட்டோமே, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி மதியமே கையில் கொடுத்துவிட்டார்கள். தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆட்டோவில் வரும்போதே உடம்பு சில்லிட்டுப் போய்விட்டது. அப்புறம் அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. மயக்க ஊசி என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ரேவதி, இரவு 7.08
சாந்தி அக்கா, இப்போதுதான் வந்தேன். முதலில் ஒன்று. இந்த நோயைத் தள்ளிப்போடக் கூடாது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு, தீட்டு வந்து சில வாரங்களில் வருவது இது. செவலையின் வயதில் மாத்திரையை மட்டும் நம்பினால் சீழின் விஷம் ரத்தத்தில் கலக்கும், கர்ப்பப்பை உள்ளேயே வெடிக்கவும் செய்யலாம். ஆபரேஷன் வேண்டாம் என்று இருப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து.

ரேவதி, இரவு 7.12
வயது ஒரு நோய் இல்லை அக்கா. ஒன்பது வயதில் சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி. ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன், அவள் இப்போது நோயாளி. இங்கிலாந்தில் 2002 முதல் 2004 வரை மயக்கம் கொடுத்த நாய்கள் ஒரு லட்சத்தை ஒட்டிக் கணக்கெடுத்தார்கள். ஆரோக்கியமான நாய்களில் சுமார் 1,850க்கு ஒன்று இறந்தது. ஏற்கெனவே நோய்வாய்ப்பட்ட நாய்களில் 75க்கு ஒன்று. அதாவது 74 பிழைத்தன. நல்ல கவனிப்பு இருந்த இடத்துக் கணக்கு அது என்பதால், கவனிப்பு எப்படி என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

ரேவதி, இரவு 7.16
முருகேசன் அண்ணா, டைகருக்கு என்ன ஆனது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன அந்த நேரம்தான் எங்களுக்கும் பயமான நேரம். அதே கணக்கெடுப்பில், இறந்த நாய்களில் கிட்டத்தட்ட பாதி ஆபரேஷன் முடிந்த பிறகுதான் இறந்தன. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். தையல் போட்டதும் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுகிறோம். நாய் அப்போதும் மயக்கத்தில்தான் இருக்கிறது.

முருகேசன், இரவு 7.18
அதை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லையே ரேவதி.

ரேவதி, இரவு 7.21
சொல்லியிருக்க வேண்டும் அண்ணா. தலையைத் தூக்கி, தானாக மார்பு ஊன்றி உட்காரும்வரை நாயை வீட்டுக்கு அனுப்பவே கூடாது. மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைக் காக்காது. முடியை மழித்து, ஸ்பிரிட் தடவி, வயிற்றைத் திறந்து, இரும்பு மேசையில் கிடத்துகிறோம். எவ்வளவு குளிரும், பாருங்கள். சூடு குறைந்தால் இதயம் தளரும், மருந்தும் உடம்பை விட்டு வெளியேற நேரமாகும்.

சாந்தி, இரவு 7.24
நான் டாக்டரிடம் என்னவென்று கேட்பது? கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

ரேவதி, இரவு 7.30
நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார் அக்கா. நாய்க்காரர் இதையெல்லாம் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேளுங்கள், அது சிறுநீரகக் கணக்கு. மயக்கம் ஊசியில் மட்டுமா, இல்லை குழாய் போட்டு ஆக்சிஜனோடு வாயுவிலா என்று கேளுங்கள். டாக்டர் கத்தி பிடிக்கும்போது மூச்சையும் நாடியையும் மட்டும் பார்க்கத் தனி ஆள் உண்டா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். வலிக்கு என்ன கொடுப்பார்கள், எப்போது கொடுப்பார்கள் என்பதையும் விடாதீர்கள்.

நிஷா, இரவு 7.33
ரேவதி அக்கா, நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பூனை மிட்டு சண்டை போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வந்திருக்கிறான். வீட்டில் பாராசிட்டமால் 500 இருக்கிறது. பாதி கொடுக்கட்டுமா?

ரேவதி, இரவு 7.33
வேண்டாம்!! கொடுக்காதே.

ரேவதி, இரவு 7.35
நிஷா, கொடுத்துவிடவில்லையே? பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் சக்தி கிடையாது. அரை மாத்திரையே 4 கிலோ பூனையின் உயிரைப் பறித்துவிடும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பு நிறமாகிவிடும், ஈறு நீலம் பாய்ந்து மூஞ்சியும் பாதமும் வீங்கும்.

நிஷா, இரவு 7.36
இல்லை அக்கா, கையில்தான் வைத்திருந்தேன். அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கை நடுங்குகிறது.

ரேவதி, இரவு 7.38
கேட்டாயே, அதுவே நல்லது. மிட்டுவை ஓர் அட்டைப்பெட்டியில் துணி போட்டு உட்கார வை, நடமாட விடாதே. சாப்பாடு முடிந்ததும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வா, பார்க்கிறேன். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், நம் வலி மருந்துகளான இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாய்க்கும் ஆகாது. வயிற்றில் புண்ணாகி ரத்தம் போகும், சிறுநீரகம் கெடும்.

பழனிச்சாமி ஐயா, இரவு 7.50
அம்மணி, டைக்ளோஃபெனாக் என்றதும் கேட்கிறேன். சத்தியமங்கலம் தோட்டத்தில் மாடு காலைப் பிசகி வீங்கிக் கிடக்கிறதுங்க. பண்ணையாள் மருந்துக்கடையில் அந்த ஊசி வாங்கி வைத்திருக்கிறானாம். போடச் சொல்லட்டுங்களா?

ரேவதி, இரவு 7.57
போடச் சொல்லாதீர்கள் ஐயா. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006லேயே தடை செய்யப்பட்டது. மாட்டுக்கு ஊசி போட்ட பிறகு அது செத்து, அந்த உடலைப் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, தின்றால், பாறின் சிறுநீரகம் ஓரிரு நாளில் செயலிழந்துவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரலின் மேல் சுண்ணாம்பு பூசினது போல யூரிக் அமிலம் படிந்திருக்கும். நாட்டில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்ததற்கு இதுதான் காரணம். உங்கள் தோட்டத்துக்கு மேலே மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் நம் பக்கம் மிச்சம் இருப்பவை கூடு கட்டுகின்றன.

பழனிச்சாமி ஐயா, இரவு 8.02
நான் சின்ன வயதில் மாடு செத்தால் வானமே மறைகிற மாதிரி இறங்கும். இப்போது ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலே பெரிது. சரிங்க அம்மணி, மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்க என்ன வழி?

ரேவதி, இரவு 8.06
மெலாக்சிகாம் இருக்கிறது ஐயா. பாறுக்குக் கெடுதல் இல்லை, மாட்டுக்கும் நல்ல மருந்து. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் வந்து பார்த்து எடைக்குத் தக்கபடி போடட்டும். கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துகளும் கால்நடைகளுக்கு 2023ல் தடையாகிவிட்டன, யாராவது எடுத்துக்கொண்டு வந்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சாந்தி, இரவு 8.40
ரேவதி, கேட்டுவிட்டேன். கிரியாட்டினின் 1.9 இருக்கிறதாம். இரவு முழுக்க டிரிப்ஸ் ஓடும், காலையில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் ஏற்றுவாராம். வாயு இயந்திரம் இருக்கிறது. மூச்சைப் பார்க்க ஒரு பெண் இருக்கிறாராம். வலிக்கு ஊசி முன்னாடியே போட்டுவிடுவோம் என்றார். முன்னாடியே எதற்கு? அறுத்த பிறகுதானே வலிக்கும்?

ரேவதி, இரவு 8.52
அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு நிம்மதி அக்கா. மயக்கத்தில் இருந்தாலும் கத்தி பட்ட செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அங்கே நரம்புகள் ஒருமுறை சூடேறிவிட்டால், எழுந்த பிறகு அதே வலியை அடக்க அதிக மருந்து தேவைப்படும். முன்னாடியே போட்டால் மயக்க மருந்தும் குறைவாகப் போதும், வயதான இதயத்துக்கு அது பெரிய உதவி. கூடவே வெட்டும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டால் எழுந்த பிறகும் சில மணி நேரம் தாங்கும். மெலாக்சிகாம் மட்டும் சிறுநீரகம் தேறும்வரை கொடுக்க மாட்டார், அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

ரேவதி, இரவு 8.58
நாளை என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பார்த்துப் பயப்படாதீர்கள். முன்னங்காலில் முடி மழித்திருப்பார்கள். பால் போல வெள்ளையாக ஒரு மருந்து ஊசியில் மெதுவாக ஏறும், அதிலேயே தலை சாய்ந்துவிடும். கண் திறந்தே இருக்கும், இமைக்காது. காய்ந்துவிடாமல் இருக்கக் களிம்பு போடுவார்கள். தொண்டையில் குழாய், நாக்கில் ஒரு கிளிப். அந்த கிளிப்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். 95க்குக் கீழே வரக் கூடாது.

முருகேசன், இரவு 9.10
அக்கா, காலையில் கார் நான் எடுக்கிறேன். முடிந்த பிறகு அவள் பக்கத்தில் நான் உட்காருகிறேன். என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்பு ரேவதி.

ரேவதி, இரவு 9.21
அண்ணா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தால் உடனே கூப்பிடுங்கள், உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பார்ப்பார்கள். வெந்நீர் பாட்டில் வைத்தால் துண்டில் சுற்றி வையுங்கள், மயங்கின நாய் சுட்டாலும் நகராது. நாய்க்கு இயல்பான சூடே 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை, நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். 99க்குக் கீழே போனால் சும்மா இருக்காதீர்கள்.

வெள்ளி

சாந்தி, காலை 9.35
கிரியாட்டினின் 1.5க்கு வந்துவிட்டது. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

சாந்தி, காலை 11.05
முடிந்தது. கர்ப்பப்பையைத் தட்டில் வைத்துக் காட்டினார். என் முழங்கை கனத்துக்கு இருந்தது, இரண்டு கிளையும் சீழால் உப்பி. இது அவள் வயிற்றில் இருந்துகொண்டா அவள் நேற்று வாலாட்டினாள்.

முருகேசன், காலை 11.20
குழாயை இன்னும் எடுக்கவில்லை. விழுங்க ஆரம்பித்த பிறகுதான் எடுப்பார்களாம். ஈறு சிவப்பு. சூடு 98.6 தான் இருந்தது, சொன்னேன், உடனே கம்பளி போட்டார்கள்.

முருகேசன், மதியம் 12.10
100.2. தலையைத் தூக்கினாள்.

முருகேசன், மதியம் 12.50
உட்கார்ந்துவிட்டாள். ஆனால் ஒரே முனகல். வலியா ரேவதி?

ரேவதி, மதியம் 12.58
மயக்கம் தெளியும்போது சில நாய்கள் குழப்பத்தில் முனகும். தையலுக்கு நாலு விரல் தள்ளி மெதுவாகத் தொடுங்கள். திரும்பிப் பார்த்தாலோ, வயிற்றை இறுக்கினாலோ வலி. தடவிக்கொடுத்ததும் அடங்கினால் குழப்பம்தான்.

முருகேசன், மதியம் 1.03
தொட்டதும் இறுக்குகிறாள். கண்ணைச் சுருக்குகிறாள்.

ரேவதி, மதியம் 1.04
அப்படியானால் இன்னொரு ஊசி வேண்டும். நேரம் வரவில்லை என்று சொன்னாலும் டாக்டரையே வந்து தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முருகேசன், மதியம் 1.40
போட்டார்கள். இப்போது பக்கவாட்டில் படுத்துத் தூங்குகிறாள், காலை நீட்டிக்கொண்டு.

ஞாயிறு

சாந்தி, காலை 8.15
நேற்றிரவு வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சியில் கோழியைப் பிய்த்துப் போட்டேன், கொஞ்சம் சாப்பிட்டாள். எதிர்வீட்டு அம்மா, வலி மாத்திரை கொடுக்காதே, வலி இருந்தால்தான் அசையாமல் கிடக்கும், தையல் பிரியாது என்கிறார்.

ரேவதி, காலை 8.30
நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள் அக்கா, இந்தப் பேச்சை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். வலி இருக்கும் நாய் அசையாமல் கிடக்காது. இடம் மாறி மாறிப் படுக்கும், தையலை நக்கும், சாப்பிடாது, தூங்காது. புண்ணும் தாமதமாகத்தான் ஆறும். அசையாமல் இருக்கக் கயிறு இருக்கிறது, கழுத்துக் கூம்பு இருக்கிறது. அதற்கு வலியைப் பயன்படுத்த வேண்டாம்.

ரேவதி, காலை 8.34
டாக்டர் இப்போது கொடுத்திருக்கும் மெலாக்சிகாமைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். போன வருடம் அவள் அரிப்புக்கு எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மிச்சம் இருந்தால் இதோடு சேர்க்கவே கூடாது. மெலாக்சிகாம் தீர்ந்தால் நம் மாத்திரையையும் வாங்காதீர்கள். நமக்கு வருவது 7.5, 15 மில்லிகிராம். 18 கிலோ செவலைக்கு இனி நாளொன்றுக்கு 2 மில்லிகிராம்கூட வேண்டாம்.

சாந்தி, காலை 8.41
சரி கண்ணு. இவர் அவள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

பாத்திமா, காலை 9.02
ரேவதி, எங்கள் பக் நாய்க்குப் பல் சுத்தம் செய்ய மயக்கம் கொடுக்க வேண்டும் என்றார்கள். இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம், அவன் சும்மா தூங்கும்போதே குறட்டை விடுகிறானே?

ரேவதி, காலை 9.10
சரியான சந்தேகம் பாத்திமா அக்கா. சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல், மயக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து அடைத்துக்கொள்ளும். குழாய் போடும் முன்பே சில நிமிடம் முகமூடியில் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், நன்றாக விழித்துத் தலையை ஆட்டும்வரை குழாயை எடுக்கக் கூடாது. வாயு இயந்திரம் இல்லாத இடத்தில் செய்யாதீர்கள். காலை முதல் ஆளாக நேரம் கேளுங்கள், அன்று முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்.

பாத்திமா, காலை 9.12
அன்றைக்குக் காலையில் பால் மட்டும் கொடுக்கலாமா?

ரேவதி, காலை 9.13
பாலும் உணவுதான், வேண்டாம். முந்தின இரவு சாப்பாட்டோடு சரி. தண்ணீர் மட்டும் கிளம்பும்வரை குடிக்கட்டும்.